பவர் ஹவுஸில் உதித்த சூரியன்!

120 செங்கல் என்ன விலை இருக்கும்? வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்களைக் கேட்டால் சூளை விலை, லாரி வாடகை, இறக்குக் கூலி எல்லாம் சேர்த்துப் பட்டென்று சொல்லிவிடுவார்கள். லண்டனில் ‘டேட்’ என்றொரு கலைக்கூடம் இருக்கிறது. அவர்கள் 1972-ல் 120 செங்கல் வாங்கினார்கள். விலை 2,297 பவுண்ட்!

தங்கச் செங்கல்லா என்றால், இல்லை. அதில் சிற்பம், கிற்பம் ஏதாவது செதுக்கியிருந்ததா என்றால், அதுவும் இல்லை. உலை அடுப்புகளுக்கு உள்ளே வைத்துக் கட்டுகிற, சூடு தாங்கும் செங்கல். கார்ல் ஆன்ட்ரே என்ற அமெரிக்கச் சிற்பி அதை இரண்டு வரிசையாக, நீள்சதுரமாகத் தரையில் அடுக்கி வைத்திருந்தார். நடுவில் சிமென்ட் பூச்சுகூடக் கிடையாது. சமாச்சாரம் அவ்வளவுதான்.

1966-ல் அவர் முதன்முதலாக இப்படி அடுக்கிக் காட்டியபோது ஒருவரும் வாங்கவில்லை. மனிதர் அசரவில்லை. செங்கல்லைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்னால் டேட் வாங்க வந்தபோது பழைய செங்கல் கம்பெனியையே மூடியிருந்தார்கள். வேறு இடத்தில் செங்கல் வாங்கி ‘சிற்பத்தை’ டெலிவரி செய்தார்! 1976-ல் இந்த விஷயம் பேப்பரில் வந்ததும், “எங்கள் வரிப்பணத்தில் செங்கல்லா வாங்கினீர்கள்?” என்று ஊரே பிடிபிடியென்று பிடித்தது. பார்க்க வந்த ஒருவர் ஆத்திரம் தாங்காமல் அதன் மேல் நீலச் சாயத்தை ஊற்றினார்.

“இதெல்லாம் ஒரு கலையா?”

நவீன ஓவியத்தின் முன்னால் நிற்கிற எவருக்கும் மனசுக்குள் வருகிற கேள்வி இது. பலர் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிற ஜிப்பா ஆசாமி நம்மைப் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். ஆனால் அந்தக் கேள்வியை வருஷத்துக்கு அரைக் கோடிப் பேர் தைரியமாகக் கேட்டுவிட்டுப் போகிற மாதிரி ஒரு மியூசியத்தை அதே டேட் நிறுவனம் நடத்திக்கொண்டிருக்கிறது. பெயர் டேட் மாடர்ன். தேம்ஸ் நதிக்கரை. உள்ளே போகக் காசு வேண்டாம்!

சர்க்கரைச் செட்டியாரும் கரண்ட் கம்பெனியும்

ஹென்றி டேட் என்பவர் சர்க்கரை வியாபாரி. காபிக் கோப்பையில் ‘டொப்’ என்று போடுகிறோமே, சதுரமாக சர்க்கரைக் கட்டி, அதை இங்கிலாந்தில் பிரபலமாக்கிக் கோடி கோடியாகச் சம்பாதித்தவர். சம்பாதித்த காசில் ஓவியங்கள் வாங்கி, அவற்றை நாட்டுக்குக் கொடுத்து, ஒரு கலைக்கூடமும் கட்டிக் கொடுத்தார். 1897-ல் திறந்தார்கள். பழைய ஜெயில் ஒன்று இருந்த இடம் அது. கம்பி எண்ணிய இடத்தில் கலை!

நூறு வருஷத்தில் சரக்கு எக்கச்சக்கமாகச் சேர்ந்துவிட்டது. நவீனக் கலைக்கென்று தனி இடம் தேவை. புதுசாகக் கட்டலாம், ஆனால் கண்ணில் பட்டது ஒரு செத்துப்போன பவர் ஹவுஸ். பேங்க்சைடு என்ற இடத்தில், எண்ணெய் எரித்து மின்சாரம் தயாரித்த நிலையம். கட்டியவர் சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டன் படங்களில் ஓரமாக நிற்குமே சிவப்பு டெலிபோன் கூண்டு, அதற்கும் அவர்தான் டிசைனர். எண்ணெய் விலை ஏற ஏறக் கட்டுப்படியாகாமல் 1981-ல் இழுத்து மூடினார்கள். நாற்பத்திரண்டு லட்சம் செங்கல், 99 மீட்டர் உயரப் புகைபோக்கி, உள்ளே துருப்பிடித்த இயந்திரங்கள். இடித்துத் தள்ளிவிட்டு ஃபிளாட் போடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

ஸ்விட்சர்லாந்தின் ஹெர்ட்சாக், டி மூரோன் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களுக்கு வேறு யோசனை தோன்றியது. இயந்திரங்களைத் தூக்கி வெளியே போடுவோம், கட்டடத்தை அப்படியே விடுவோம் என்றார்கள். செலவு 13 கோடியே 40 லட்சம் பவுண்ட். 2000 மே மாதம் எலிசபெத் ராணி திறந்து வைத்தார். வருஷத்துக்கு இருபது லட்சம் பேர் வருவார்கள் என்று போட்ட கணக்கு முதல் வருஷமே தவிடுபொடி. வந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல்!

(கூடவே ஒரு கூத்து. எதிர்க்கரையில் இருக்கும் செயின்ட் பால் தேவாலயத்திலிருந்து மியூசியத்துக்கு நடந்து வர ஒரு பாலம் கட்டினார்கள். 2000 ஜூனில் திறந்த அன்றே கூட்டம் நடக்க நடக்க அது ஊஞ்சல் மாதிரி ஆடியது. இரண்டே நாளில் மூடி, ஆட்டத்தை நிறுத்தி மறுபடி திறக்க 2002 ஆகிவிட்டது. நவீனக் கலையின் முதல் கண்காட்சி பாலமே என்று சொன்னால் மறுக்க முடியாது.)

ஹாலுக்குள் சூரியன்

டர்பைன்கள் இருந்த கூடத்தைக் காலியாகவே விட்டார்கள். ‘டர்பைன் ஹால்’ என்றுதான் இன்றைக்கும் பெயர். நீளம் 155 மீட்டர், உயரம் 35 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தை உள்ளே நிறுத்தலாம். தடுப்பில்லை, தூணில்லை, டிக்கெட் கிழிப்பவர் இல்லை. ஆபீஸ் போகிறவர் குறுக்கு வழியாகக்கூட நுழைந்து வெளியே வரலாம்.

இந்தக் கூடத்தை அநேகமாக வருஷத்துக்கு ஒரு கலைஞர் என்று ஒப்படைக்கிறார்கள். “உங்கள் இஷ்டம், ஏதாவது செய்யுங்கள்!”

2000-ல் லூயீஸ் பூர்ஷ்வா என்ற அம்மையார் ஒரு ராட்சதச் சிலந்தியை நிறுத்தினார். அப்போது அவருக்கு வயது எண்பத்தெட்டு. சிலந்தியின் பெயர் ‘மமோ(ன்)’, அதாவது பிரெஞ்சில் ‘அம்மா’! அவருடைய அம்மா பழைய திரைச்சீலைகளை நெய்து பழுது பார்க்கிறவர். நூலோடு மல்லுக்கட்டிப் பிள்ளையை வளர்த்த தாய், சிலந்தி அல்லாமல் வேறு என்ன? 2002-ல் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர், ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ரத்தச் சிவப்பில் ராட்சத ஊதுகுழல் போல் ஒன்றை இழுத்துக் கட்டினார்.

2003 அக்டோபரில்தான் நிஜமான அதிசயம் நடந்தது. ஓலாஃபர் எலியாசன் என்ற டென்மார்க்–ஐஸ்லாந்துக் கலைஞர் ஹாலுக்குள் சூரியனைக் கொண்டு வந்தார். செய்முறை ரொம்ப சிம்பிள். சுவரில் அரை வட்டமாகத் திரை. பின்னால் தெருவிளக்கு ரகத்து மஞ்சள் விளக்குகள் சுமார் இருநூறு. கூரை முழுக்கக் கண்ணாடி. கீழே இருக்கும் அரை வட்டம் மேலே கண்ணாடியில் தெரிகிற அரை வட்டத்தோடு சேர்ந்தால் முழுச் சூரியன்! காற்றில் லேசாகப் பனி மூட்டம். அது சர்க்கரை கலந்த நீர்ப்புகை. (ஹென்றி டேட் ஆவியாகச் சுற்றிக்கொண்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.) அந்த விளக்கின் குணம், மஞ்சளையும் கறுப்பையும் தவிர வேறு நிறம் தெரியாது. பணக்காரன் போட்ட பட்டுச் சட்டையும் கூலிக்காரன் போட்ட பனியனும் ஒரே கலர்.

அப்புறம் நடந்ததை எந்த ஆர்ட்டிஸ்ட்டும் திட்டமிட்டிருக்க முடியாது. வந்த ஜனங்கள் தரையில் படுத்துவிட்டார்கள்! லண்டன்காரர்களாக்கும், பஸ்ஸில் பக்கத்து சீட்காரரின் முகத்தைக்கூடப் பார்க்காதவர்கள். அவர்கள் மார்கழிக் குளிரில் முன்பின் தெரியாதவரின் அருகில் மல்லாந்து படுத்து, கூரைக் கண்ணாடியில் தங்களைத் தேடிக் கையை ஆட்டினார்கள். கூட்டமாகச் சேர்ந்து உடம்பாலேயே நட்சத்திரம், எழுத்து எல்லாம் போட்டார்கள். அந்த நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி புஷ் லண்டன் வந்தபோது, ‘புஷ்ஷே திரும்பிப் போ’ என்று கண்ணாடியில் நேராகத் தெரிகிற மாதிரித் தரையில் தலைகீழாகப் படுத்து எழுதினார்கள். ஐந்து மாதத்தில் வந்தவர்கள் இருபது லட்சம். மழைநாட்டுக்காரனுக்கு ஓசியில் சூரியன் கிடைத்தால் விடுவானா?

சறுக்குமரம் ஏறிய கனவான்கள்

2006-ல் கார்ஸ்டன் ஹோலர் என்பவர் வந்தார். ஐந்து சறுக்குமரங்களை நட்டுவிட்டுப் போனார். ஆமாம் சார், பார்க்கில் குழந்தைகள் சறுக்குமே, அதேதான். ஆனால் எஃகில் செய்து, வளைந்து வளைந்து இறங்குகிற குழாய்கள். மிக நீளமானது 55 மீட்டருக்கும் அதிகம். கோட்டும் டையும் போட்ட கனவான்கள் சாக்குப் பாய் மாதிரி ஒன்றில் உட்கார்ந்து, ‘ஓ’வென்று அலறிக்கொண்டு இறங்கினார்கள். கம்பீரமாக மேலே ஏறியவர் கீழே வரும்போது ஆறு வயசுப் பையன் ஆகிவிடுகிறார். அந்த முகத்தைப் பார்ப்பதுதான் கண்காட்சி. மியூசியம் என்றால் ‘தொடாதே, பேசாதே, ஓடாதே’ என்று மூன்று ‘தே’ போட்ட இடம் என்ற எண்ணத்தைச் சறுக்கியே தேய்த்துவிட்டார்.

தரையில் ஒரு விரிசல்

எல்லாம் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மறு வருஷமே, 2007-ல், கொலம்பியா நாட்டு டோரிஸ் சால்சேடோ வந்தார். அவர் எதையும் நிறுத்தவில்லை, தொங்கவிடவில்லை. தரையைப் பிளந்தார்!

வாசலருகே தலைமுடி அகலத்தில் ஆரம்பித்து, போகப்போக அகன்று, கால் நுழையும் அளவுக்கு ஆழமாகி, 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல். ‘பூகம்பமா, காண்ட்ராக்டர் செய்த வேலையா?’ என்று முதலில் பார்க்கிறவர் திகைப்பார். மேலே பார்த்துக்கொண்டு நடந்த சிலர் கால் இடறி விழுந்து, முதலுதவிப் பெட்டிக்கும் வேலை வந்தது.

இதற்கு அவர் வைத்த பெயர் ‘ஷிபோலெத்’. பைபிள் கதை. போரில் தோற்றுத் தப்பி ஓடுகிறவர்களை ஆற்றுத் துறையில் மறித்து, “ஷிபோலெத் என்று சொல்லு” என்பார்கள். எதிரிக் கூட்டத்தாருக்கு ‘ஷ’ வராது. ‘சிபோலெத்’ என்றால் தலை போச்சு. அப்படி மாண்டவர்கள் நாற்பத்தீராயிரம் பேர் என்கிறது பைபிள்.

நாமும் ‘ழ’ வராதவரைப் பிடித்து ‘வாழைப்பழம் வழுக்கிக் கிழவி விழுந்தாள்’ என்று சொல்லச் சொல்லிச் சிரிக்கிறோம். வேடிக்கைதான். ஆனால் 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் நடந்தது வேடிக்கை இல்லை. வழிமறித்த கும்பல், வாளிக்குச் சிங்களத்தில் சொல்கிற ‘பால்திய’ என்ற வார்த்தையைச் சொல்லச் சொன்னதாக அன்று தப்பிப் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முதல் எழுத்தை அழுத்திச் சொல்ல வராவிட்டால் தமிழன். அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். ஒரே ஒரு எழுத்து, உயிருக்கும் சாவுக்கும் நடுவில் கிடந்தது.

சால்சேடோ சொல்ல வந்ததும் அதுதான். பணக்கார நாட்டு வாசலில் நிற்கிற அகதிக்கும், உள்ளே சௌகரியமாக இருக்கிறவருக்கும் நடுவே ஒரு பிளவு இருக்கிறது. நீங்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பழகிவிட்டீர்கள் என்கிறார். கண்காட்சி முடிந்ததும் விரிசலைச் சிமென்ட் போட்டு அடைத்தார்கள். அடைத்தாலும் தழும்பு போகவில்லை. அடைத்த கோடு தரையில் தங்கிவிட்டது. அதன்மேல் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். இதை ‘ஒரு கலையா?’ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பத்துக் கோடி விதை

2010-ல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய். ஹாலில் சூரியகாந்தி விதைகளைக் கொட்டினார். கொறிக்கிற விதை இல்லை. பீங்கானில் செய்து, ஒவ்வொன்றிலும் தூரிகையால் கறுப்புக் கோடு போட்ட விதை. மொத்தம் பத்துக் கோடி! எடை 150 டன். பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜென் என்ற ஊரில் 1,600 கைவினைஞர்கள் உட்கார்ந்து செய்தது. மாவோ காலத்தில் அவரைச் சூரியனாகவும், ஜனங்களை அவர் பக்கமே திரும்பும் சூரியகாந்தியாகவும் போஸ்டரில் வரைவார்கள். ‘நாங்கள் எல்லாம் ஒரே மாதிரி என்றா நினைத்தீர்கள்? குனிந்து எடுத்துப் பாருங்கள், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை’ என்பது விதையின் பதில்.

முதலில் எல்லோரும் அதன் மேல் நடக்கலாம், படுக்கலாம் என்றார்கள். இரண்டு மூன்று நாளில் பீங்கான் தூசி கிளம்பி, நுரையீரலுக்கு ஆகாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். பி.காம். படித்த புத்தி என்பதால் இன்னொரு கணக்கு என் கண்ணில் பட்டது. 2011 பிப்ரவரியில், இதே கலைஞரின் இதே ரக விதை நூறு கிலோ லண்டனில் ஏலம் போனது. விலை 3,49,250 பவுண்ட். ஒரு விதை சுமார் மூன்றரை பவுண்ட். அன்றைய மதிப்பில் இருநூற்றைம்பது ரூபாய்! அதைச் செய்த 1,600 பேரின் கூலி இந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று யோசித்தால் சூரியகாந்தி கொஞ்சம் வாடித்தான் போகிறது.

அதே வருஷம் ஏப்ரலில் சீன அரசு ஐ வெய்வெய்யைப் பிடித்துக்கொண்டு போய் 81 நாள் வைத்திருந்தது. கீழே ஹாலில் அவருடைய விதைகள் கிடக்க, டேட் மாடர்ன் தன் உச்சியில் ‘ஐ வெய்வெய்யை விடுதலை செய்’ என்று பெரிதாக எழுதி வைத்தது. மியூசியம் வாயைத் திறந்தது!

கணக்குப்பிள்ளை வரைந்த கழுதைக் கதை

நம் நாட்டுக்காரர் ஒருவர் கதையைச் சொல்லாமல் விட்டால் என் டிகிரிக்கே துரோகம். பூபேன் கக்கர். 1934-ல் மும்பையில் பிறந்தவர். சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்! பரோடாவில் பாதி நேரம் பேரேடு எழுதி, மீதி நேரம் படம் வரைந்தார். முடி வெட்டுகிறவர், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் என்று தினம் பார்க்கிற மனிதர்களைத்தான் வரைந்தார். தனக்கு ஆண்களிடம்தான் காதல் என்பதை ஊர் என்ன சொல்லுமோ என்று வருஷக்கணக்கில் மறைத்து வைத்திருந்தார்.

1981-ல் ஒரு படம் வரைந்தார். மாடி பால்கனியில் ஒரு மனிதர் பிறந்த மேனியாக நின்று கீழே தெருவைப் பார்க்கிறார். தெருவில் அப்பா, பிள்ளை, கழுதை. நம் பாட்டிகள் சொன்ன அதே கதை: அப்பா ஏறினாலும் திட்டு, பிள்ளை ஏறினாலும் திட்டு, இரண்டு பேரும் ஏறினாலும் திட்டு, கழுதையைத் தூக்கிக்கொண்டு போனாலும் திட்டு! படத்தின் பெயரே ‘எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது’ என்பதுதான். ‘போதும்டா சாமி, இனிமேல் நான் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்’ என்று அந்த முதுகு சொல்கிறது.

அந்தப் படம் இப்போது டேட்டின் சொத்து. 2003-ல் கக்கர் காலமானார். 2016-ல் அதே தலைப்பில் டேட் மாடர்னில் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தினார்கள். வேடிக்கை கேளுங்கள். லண்டன் பத்திரிகை விமர்சகர் ஒருவர், ‘இவரெல்லாம் இரண்டாந்தரம், இதற்கு ஏன் இவ்வளவு இடம்?’ என்று விளாசிவிட்டார். நம் நாட்டுக் கலைஞர்கள் கொதித்துப் பதில் எழுதினார்கள். தலைப்பு வைத்த கக்கர் எங்கேயோ உட்கார்ந்து சிரித்திருப்பார்!

அண்டை வீட்டாரோடு ஒரு வழக்கு

2016-ல் மியூசியத்துக்குப் பின்னால் பத்து மாடியில் புதுக் கட்டடம் எழுந்தது. உச்சியில் ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு மாடம். இதுவும் இலவசம். வருஷத்துக்கு ஐந்தாறு லட்சம் பேர் ஏறினார்கள். லண்டன் தெரிந்தது, தேம்ஸ் தெரிந்தது. கூடவே பக்கத்து அபார்ட்மென்ட்டில் யார் என்ன டிபன் சாப்பிடுகிறார்கள் என்பதும் பளிச்சென்று தெரிந்தது! அந்த ஃபிளாட்டுகளுக்கு முழுக்கக் கண்ணாடிச் சுவர். கோடிக்கணக்கில் காசு கொடுத்து வாங்கியவர்கள் காலையில் சோம்பல் முறித்தால், எதிரே இருபது பேர் கேமராவோடு நின்றார்கள்.

நாலு வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். “திரைச்சீலை போட்டுக்கொள்ளலாமே?” என்றது மியூசியம் தரப்பு. 2019-ல் நீதிபதி ஏறக்குறைய அதையே சொல்லி வழக்கைத் தள்ளினார். 2020-ல் அப்பீலும் போச்சு. விடவில்லை, உச்ச நீதிமன்றம் போனார்கள். 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் வீட்டுக்காரர்கள் பக்கம்! மிருகக்காட்சிசாலையில் வைத்த மாதிரி மனுஷர்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது தொல்லைதான் என்று தீர்ப்பு.

எனக்கு இந்த வழக்கில் இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. நம் ஊரில் எதிர் வீட்டு ஜன்னலைப் பார்ப்பது பொழுதுபோக்கு. ஆனால் பொதுஜனத்துக்கு இடம் கொடுக்கிறேன் என்கிற மியூசியம், பக்கத்து வீட்டு ஜனமும் பொதுஜனம்தான் என்பதை மறக்கக் கூடாதில்லையா?

அதை ஒரு கலைஞரே செய்து காட்டியிருக்கிறார் என்பதுதான் விசேஷம். 2018-ல் க்யூபாவின் டானியா புருகேரா, மியூசியத்தைச் சுற்றியுள்ள அதே பின்கோடில் வசிக்கும் 21 பேரைக் கூப்பிட்டு, ‘இந்த மியூசியம் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?’ என்று பேசச் சொன்னார். அவர்கள் கேட்டு, மியூசியத்தின் பழைய கட்டடப் பகுதிக்கு நேட்டலி பெல் என்ற உள்ளூர் சமூக சேவகியின் பெயரைச் சூட்டினார்கள். ராஜா, ராணி, நன்கொடை கொடுத்த கோடீஸ்வரர் பெயரெல்லாம் பார்த்திருக்கிறோம். பேட்டையில் ஓடியாடி உழைத்த அம்மா பெயரை மியூசியத்துக்கு வைத்ததைப் பார்த்திருக்கிறோமா?

காசு யார் பாக்கெட்டிலிருந்து?

சரி, கணக்குக்கு வருவோம். உள்ளே போக இலவசம் என்றால் கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள்?

கொஞ்சம் அரசாங்கம். கொஞ்சம் விசேஷக் கண்காட்சிகளுக்கு விற்கிற டிக்கெட். கொஞ்சம் கடை, ஓட்டல், உறுப்பினர் சந்தா. மிச்சம் கம்பெனிகள். டர்பைன் ஹால் கண்காட்சிகளுக்கு 2000 முதல் 2012 வரை புரவலர் யூனிலீவர், அதாவது நம் வீட்டு லக்ஸ் சோப்பின் சொந்தக்காரர்கள். 2015-லிருந்து ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூரில் கார் தயாரிக்கிறார்களே, அதே கம்பெனி.

பெட்ரோல் கம்பெனியான பி.பி.யும் 1990-லிருந்து டேட்டுக்குப் பணம் கொடுத்து வந்தது. எவ்வளவு என்று கேட்டால் டேட் வாயைத் திறக்கவில்லை. எதிர்ப்பாளர்கள் தகவல் உரிமைச் சட்டத்தை வைத்துப் போராடி, 2015-ல் கணக்கு வெளியே வந்தது. 1990 முதல் 2006 வரை 17 வருஷத்துக்கு மொத்தம் 38 லட்சம் பவுண்ட். சராசரி வருஷத்துக்கு இரண்டே கால் லட்சத்துக்கும் கீழே. ‘இவ்வளவு சல்லிசாகவா பெயரை எழுதி வைத்தீர்கள்!’ என்று நண்பர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இந்த எதிர்ப்பாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2012-ல் நூறு பேருக்கு மேல் சேர்ந்து, காற்றாலையின் 16.5 மீட்டர் நீள இறக்கை ஒன்றைத் துண்டு துண்டாக அந்த ஆடிய பாலத்தின் வழியே தூக்கி வந்து, டர்பைன் ஹாலில் பூட்டி வைத்து, “இந்தாருங்கள், நாட்டுக்கு எங்கள் அன்பளிப்பு” என்றார்கள். எண்ணெய் எரித்த பவர் ஹவுஸுக்குக் காற்றாடி! டேட் நன்றி சொல்லி, ‘வேண்டாம்’ என்றுவிட்டது. ஆனால் 2017-ல் பி.பி.யின் பணமும் நின்றது. கலைக்கூடத்துக்குள் வந்து கலையாலேயே சண்டை போட்டவர்கள் இவர்களாகத்தான் இருக்கும்.

இப்போது நிலைமை கொஞ்சம் கவலைதான். 2019-ல் 61 லட்சமாக இருந்த டேட் மாடர்ன் பார்வையாளர் கணக்கு, கொரோனாவுக்குப் பிறகு 2024-ல் 46 லட்சம். பற்றாக்குறையைச் சமாளிக்க 2025-ல் டேட் தன் ஊழியர்களில் சுமார் ஏழு சதவிகிதத்தைக் குறைத்தது. இந்த மாதிரி நேரத்தில், ‘வாசலில் ஒரு கட்டணம் வைத்தால் என்ன?’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும்.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் வராத வரவு ஒன்று இருக்கிறது. 2021-ல் ஜப்பானியக் கலைஞர் ஏய் அரகாவா, டர்பைன் ஹாலின் தரையையே பலகையாக்கி, ‘இஷ்டப்படி வரையுங்கள்’ என்று கிரேயான் கொடுத்தார். கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் ஒரு பவர் ஹவுஸ் அளவுக்குக் கிறுக்கித் தீர்த்தார்கள். மறு வருஷம் யாயோய் குசாமாவின் வெள்ளை அறை. மேஜை, நாற்காலி, தட்டு, பியானோ எல்லாம் வெள்ளை. வருகிற ஒவ்வொருவர் கையிலும் கலர் பொட்டுத் தாள். எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒரே மாதத்தில் அறை மறைந்து, பொட்டு மட்டும் மிஞ்சியது. நம் வீட்டுக் கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் திட்டு. அங்கே அதற்குப் பெயர் ஆர்ட்!

தலைக்குப் பதினைந்து பவுண்ட் என்றால் நாலு பேர் கொண்ட குடும்பம் யோசிக்கும். யோசித்து வந்தால் ‘காசு கொடுத்தோமே’ என்று எல்லாவற்றையும் புரிந்துகொள்ளப் படாதபாடு படும். இலவசம் என்றால் மழைக்கு ஒதுங்குகிறவர் வருவார், பாத்ரூம் போக வருகிறவர் வருவார், வேலை தேடி அலுத்தவர் பெஞ்சில் உட்கார வருவார். அவர்களில் ஒருவர் தற்செயலாக அந்த அடைத்த விரிசலின் மேல் நின்று, ‘இது என்ன கோடு?’ என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை பெரிய கட்டடம்.

பிடிக்காவிட்டால் தோளைக் குலுக்கிவிட்டு, ‘இதெல்லாம் ஒரு கலையா?’ என்று சொல்லிவிட்டுத் தாராளமாக வெளியே வரலாம். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் காசு வாங்காத இடம் உலகத்தில் ரொம்பக் குறைவு, சார். இருக்கிற ஒன்றிரண்டையாவது விட்டுவைக்க வேண்டும்.